முத்திரைக் கட்டியும் மொட்டைக் கட்டியும்

மைதீன் இறந்தது மாபலிபுரத்தில், பஸ் நிற்கும் இடத்தில். 1953ஆம் வருஷம், ஆனி மாதம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாபலிபுரம் போய்வந்த ஒரு பஸ்ஸில் அவருக்கு நாலில் ஒரு பங்கு இருந்தது. பங்குதாரர் என்று வீட்டில் உட்கார்ந்துகொள்ளமாட்டார். வாரத்தில் நாலு நாள் பஸ்ஸோடு போவார், டிக்கெட் கிழிப்பார், கூரைமேல் மூட்டை ஏற்றுவார். அன்றைக்குப் பகல் பதினொரு மணிக்கு மாபலிபுரத்தில் இறங்கியவர், மார்பு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் பஸ் படியிலேயே உட்கார்ந்தார். டிரைவர் தண்ணீர் வாங்கி வருவதற்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார். வயது நாற்பத்தொன்று. ஏறி உட்கார்ந்திருந்த ஜனங்களை இறக்கிவிட்டு, அதே பஸ்ஸில் அவரைக் கிடத்தி செங்கல்பட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்தத் தெருவுக்குள் அதுவரை பஸ் வந்ததே இல்லை. சத்தம் கேட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்த அவர் மனைவி ரோஷன் பீவிக்கு முதலில் தோன்றியது, எதிர் வீட்டுச் சுவரை உரசிவிடப் போகிறதே என்பதுதான். பின்னால் பல நாள் இதை நினைத்துப் பார்த்தாள். பஸ்ஸுக்குள் இருந்தது யாரென்று தெரிந்த பிறகும், கொஞ்ச நேரம் அவள் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அழவில்லை. வந்திருந்த பெண்கள், இப்போது வராது, அடக்கம் முடிந்ததும் வரும் என்றார்கள். அடக்கம் முடிந்தது. மூன்றாம் நாள் பாத்திஹாவும் ஓதி முடிந்தது. அப்போதும் வரவில்லை. பதினாலு வயது மகள் ஷாஜாதி அழுதாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள் ரோஷன் பீவி. கை தடவியது, அவ்வளவுதான். அந்தக் கை தன்னுடையது என்பதே அவளுக்குத் தூரத்து விஷயமாக இருந்தது.

பிறகு இத்தா தொடங்கியது. புருஷனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. பலருக்கு அது சிறை மாதிரி இருக்கும். ரோஷன் பீவிக்கு வசதியாக இருந்தது. எங்கேயும் போக வேண்டாம், யாருக்கும் முகம் காட்ட வேண்டாம். வெள்ளைப் புடவை, ஒரு கட்டில், ஒரு திரை. காலையில் விழித்தால் சாயங்காலம் வரும்.

நாற்பது நாள் கழித்து பஸ்ஸின் பெரிய பங்குதாரர் சாலமோன் வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, மைதீனுடைய பங்கைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பேரம் எதுவும் இல்லை. நியாயமான விலையை அவரே சொல்லி, பணத்தை மைதீனின் தம்பி அப்துல் சுபஹான் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதில் பழைய பாக்கிகள் போக மிஞ்சியது ஆயிரத்தெண்ணூறுக்குச் சற்று மேல். ரோஷன் பீவிக்கும் ஷாஜாதிக்கும் இனி உலகத்தில் இருந்தது அதுவும், குடியிருந்த வீடும்தான். வீட்டின் முன்பக்க அறைகளை ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு வாடகைக்கு விட்டால் சாப்பாட்டுக்கு ஓடும். தையல் மெஷின் இருந்தது. ஆகவே இந்தப் பணத்தைத் தொடாமல் ஷாஜாதி கல்யாணத்துக்கு வைக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம். எதில் வைப்பது என்பதில்தான் யோசனை.

பாங்கியில் போட்டால் வட்டி வரும். வட்டி கூடாது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு காணி நிலம் வந்தது. விசாரித்தால் அதற்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடி கோர்ட்டில் நின்றார்கள். நோட்டாகவே பெட்டியில் வைத்தால் கடன் கேட்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. கடைசியில் சுபஹான்தான் வெள்ளி என்றான். ஸ்டேஷன் அருகே அவனுக்கு சோப்பு, சீப்பு, சாயப்பொடி விற்கும் கடை. சரக்கு எடுக்க வாரம் ஒருமுறை மெட்ராஸ் சௌகார்ப்பேட்டைக்குப் போவான். அங்கே வியாபாரிகள் வெள்ளிக் கட்டிகளைச் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறான்.

அண்ணி சரி என்றாள். நிலம் என்று சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஆனால் வெள்ளி என்றதும் ஒரு கேள்வி கிளம்பியது. வெள்ளியில் இரண்டு வகை. ஒன்று, பம்பாயில் சுத்தம் செய்து வார்த்த கட்டி. அதன் முதுகில் வார்த்த கம்பெனியின் முத்திரை, சுத்தத்தின் எண், கட்டியின் நம்பர் எல்லாம் குத்தியிருக்கும். இன்னொன்று மொட்டைக் கட்டி. உள்ளூரில் பழைய கொலுசு, தண்டை, அரைஞாண், உடைந்த சந்தனப் பேலா எல்லாவற்றையும் உருக்கி, கழிவு எடுத்து வார்ப்பது. அதன் மேல் ஒன்றும் இருக்காது. முத்திரைக் கட்டி நூறு தோலா எடைக்குப் பன்னிரண்டு ரூபாய் அதிகம். சுத்தத்தில் உள்ள வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் மொட்டைக் கட்டியில்தான் அதே பணத்துக்கு வெள்ளி கூடக் கிடைக்கும்.

சுபஹான் மனசில் முத்திரைதான். ஆனாலும் அண்ணன் பணம், அண்ணி முடிவு என்பதில் பிடிவாதமாக இருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை மெட்ராஸ் கட்டி ஒன்றையும், பஜார் வெள்ளிக்கடை அருணகிரியிடம் கேட்டு வாங்கிய மொட்டைக் கட்டி ஒன்றையும் துணியில் சுற்றி எடுத்துவந்து கட்டில் மேல் வைத்தான்.

"ரெண்டையும் பாத்துக்கங்க அண்ணி. ஒரு வாரம் இங்கியே இருக்கட்டும். எதுன்னு சொன்னா அதுல மீதிய வாங்கிடலாம்."

அவள் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள். இரண்டும் நூறு தோலா. உள்ளங்கைக்குக் கொஞ்சம் நீளம். முத்திரைக் கட்டி ஓரங்கள் நேராக, மழமழவென்று இருந்தது. மொட்டைக் கட்டியின் மேல் பக்கம் ஆறின கஞ்சி மாதிரி லேசாகச் சுருங்கியிருந்தது. ஒன்று அழகு, ஒன்று அழகில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை. இரண்டும் கனமாக, சில்லென்று இருந்தன. துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அந்த வாரம் முழுக்க அவற்றைப் பற்றி அவள் நினைக்கவில்லை. சுபஹான் வந்து கேட்டபோது, நீங்களே பாருங்க தம்பி என்றாள். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. அருணகிரியே நேரில் வந்து பேசட்டும், கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்றான்.

அருணகிரிக்கு அப்போது ஐம்பத்தைந்து இருக்கும். ஒல்லியான மனிதர். உலையோடு இருந்து இருந்து புருவம் பாதி கருகியவர். மைதீன் அவருக்குப் பழக்கம். திரைக்கு வெளியே உட்கார்ந்ததும் மைதீனைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார். தன் கட்டி நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சுத்தம், அதற்கு மேல் தன் உலையில் எடுக்க முடியாது, பம்பாய்க் கட்டி அதைவிடச் சுத்தம்தான் என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். முத்திரைக்காகக் கொடுக்கிற காசு வெள்ளிக்குக் கொடுக்கிற காசு இல்லை என்பது அவர் கட்சி.

வீட்டு வேலைக்கு வரும் கன்னியம்மா அப்போது திரைக்கு உள்ளே, பீவியின் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். செங்கல்பட்டுக்கு வெளியே சேரியில் இருப்பவள். முன்பு நடவு, களை என்று போய்க்கொண்டிருந்தவள், மழை பொய்த்த வருஷங்களில் நிலத்து வேலை இல்லாமல் போக, அரிசி மில்லில் சேர்ந்திருந்தாள். மில் வேலை இல்லாத நேரத்தில் இங்கே வருவாள்.

"முத்திரை இல்லாட்டா விக்கும்போது பேஜாராச்சே?" என்றான் சுபஹான்.

"வெளியூரு கடையில வெட்டிப் பாப்பாங்க. ஆமாம். ஆனா என் கட்டிய நீங்க இன்னாத்துக்கு வெளியூருக்குக் கொண்டு போவணும்? எங்கிட்டயே கொண்டாங்க. அன்னைக்கு மார்க்கெட்டு இன்னாவோ அந்த வெலைக்கு, வெட்டாம, கேக்காம எடுத்துக்கறேன். நான் இருக்கற வரைக்கும் அந்தப் பேச்சு மாறாது."

 திரைக்கு உள்ளேயிருந்து ரோஷன் பீவி கேட்டாள்.

"நீங்க இல்லன்னா?"

சுபஹானுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. உட்கார வைத்த மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது. அருணகிரி கோபித்துக்கொள்ளவில்லை. 

"இல்லன்னா வெட்டித்தாம்மா பாப்பாங்க. வெள்ளி அதேதான் இருக்கும். எடுக்கறவன் எப்பிடியோ, அதை நான் சொல்ல முடியாது."

அவர் போன பிறகு, முத்திரைக் கட்டியே வாங்கிடுங்க தம்பி என்று ரோஷன் பீவி சொன்னாள். நாலு மாதத்தில் அவள் தானாக எடுத்த முடிவு அது ஒன்றுதான். சுபஹானுக்கு நிம்மதி. அண்ணிக்கு வியாபார மூளை என்று வீட்டில் போய்ச் சொன்னான். அது மூளை இல்லை. "இருக்கற வரைக்கும்" என்று ஒரு ஆண்பிள்ளை சொல்வதைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ ஒன்று கதவைச் சாத்திக்கொண்டது.  மைதீன் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அவர் வெளியே போய் வந்த ஒவ்வொரு நாளும் அதைத்தான் சொன்னது. பம்பாயில் யாரோ முகம் தெரியாதவன் குத்திய முத்திரைக்கு மார்பு அடைக்காது.

பத்து முத்திரைக் கட்டிகள் வந்தன. வீட்டின் உள்ளறையில் ஒரு கல்லைப் பெயர்த்து, கீழே வைத்து, மேலே நெல் பத்தாயத்தை நகர்த்தினார்கள்.

அருணகிரியின் கட்டியைத் திருப்பிக் கொடுக்க ரோஷன் பீவி கன்னியம்மாவைத்தான் அனுப்பினாள். அவள் அதை மடியில் கட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்து, தானும் சீட்டுப் பணம் சேர்த்து, இரண்டு மூன்று வருஷத்தில் அருணகிரியிடம் ஒரு சின்னக் கட்டி வாங்கப் போவதாகச் சொன்னாள். வறட்சியில் அடகு வைத்து மீட்க முடியாமல் போன தன் தண்டையும் அவர் உலையில்தான் உருகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை.

"முத்திரை போட்டது வாங்கறதுதானே," என்றாள் ரோஷன் பீவி.

"அதுல எழுதியிருக்கறத எனக்குப் படிக்கத் தெரியுமா பீவிம்மா? அந்த ஆளைத் தெரியும்."

இத்தா முடிந்தது. ரோஷன் பீவி குளித்து, உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். சொந்தக்காரர்கள் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். போனாள், சாப்பிட்டாள். தையல் மெஷினை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டு ஜாக்கெட் தைத்தாள். ஷாஜாதி எட்டாவது வரை படித்து நின்றாள். வாத்தியார் குடும்பம் மாறி வேறு வாத்தியார் குடும்பம் வந்தது. நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன, அவளுக்கு அவை ஒன்றுக்கொன்று வித்தியாசமாகப் படவில்லை. யாராவது சிரித்தால் சிரிப்பாள். ரமலானுக்கு நோன்பு வைத்தாள். ருசி தெரியாமலே உப்புச் சரியாகப் போட்டாள்.

மூன்று வருஷம் போயிற்று. 1956 கார்த்திகையில் ஒரு வாரக் காய்ச்சலில் அருணகிரி இறந்துபோனார். ஆண் பிள்ளை இல்லை. கடை காஞ்சிபுரத்திலிருந்து வந்த மருமகன் கைக்குப் போயிற்று. அவனுக்கு உலைத் தொழில் பிடிக்கவில்லை. பதினைந்து நாளில் உலையைக் கழற்றிவிட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கி அடுக்கினான். மாமனார் வார்த்த கட்டிகளோடு வந்தவர்களிடம், அவர் வாய்ப்பேச்சுக்கெல்லாம் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டான். பஜாரில் மற்றக் கடைகளுக்குப் போனார்கள். யார் வார்ப்போ, உள்ளே ஈயம் இருக்குதோ என்று கடைக்காரர்கள் இழுத்தார்கள். அருணகிரி உயிரோடு இருந்தபோது அவர் வார்ப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர்கள்தான். மூன்றில் இரண்டு பங்கு விலைக்கு மேல் யாரும் பேசவில்லை.

அப்போது தெருவில் ரோஷன் பீவியைப் பற்றிப் பேச்சு வந்தது. எப்படி யோசித்து அந்த அம்மா முத்திரைக் கட்டியாக வாங்கியது, திரைக்குள் உட்கார்ந்துகொண்டே அருணகிரியை மடக்கிக் கேட்டதாமே என்றார்கள். சுபஹான் பெருமையோடு வந்து அதைச் சொன்னான். அவள் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, அவர் எப்போ போனார் என்று மட்டும் கேட்டாள்.

அந்தத் தை மாதம் ஷாஜாதிக்குச் சதுரங்கப்பட்டினத்தில் மாப்பிள்ளை அமைந்தது. கடற்கரைக் குடும்பம், கயிறு வியாபாரம். பையன் நல்லவன் என்று நாலு பேர் சொன்னார்கள். செலவுக்கு நாலு கட்டிகளை விற்பது என்று முடிவாயிற்று. இந்த முறை ரோஷன் பீவி தானும் மெட்ராஸுக்கு வருவதாகச் சொன்னாள். ஷாஜாதிக்குப் புடவை பார்க்க வேண்டியிருந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள் கன்னியம்மா வந்தாள். அவள் கையில் அருணகிரி வார்த்த ஐம்பது தோலா மொட்டைக் கட்டி ஒன்று இருந்தது. மூன்று வருஷச் சீட்டுப் பணம் அது. குடிசை இருக்கிற மனையை நிலக்காரர் விற்கிறாராம், மாதக் கடைசிக்குள் பணம் கட்டினால் அவளுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. பஜாரில் கேட்ட விலைக்குக் கொடுத்தால் மனைக்குப் பற்றாது. கடன் கேட்க அவள் வரவில்லை.

"மெட்ராஸ் கடையில இத எடுப்பாங்களான்னு கேட்டுப் பாருங்க பீவிம்மா. வெட்டிப் பாக்கறதுன்னா பாக்கட்டும்."

ரோஷன் பீவி அதை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ரயிலில் எழும்பூர் போய், அங்கிருந்து ரிக்சாவில் சௌகார்ப்பேட்டை போனார்கள். வெள்ளைத் துப்பட்டியைத் தலைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் கடையின் ஓரத்தில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்தாள். கடைக்காரர் நடுத்தர வயது மார்வாடி. பல வருஷம் இங்கேயே இருந்து நல்ல தமிழ் பேசுகிறவர். சுபஹான் நாலு முத்திரைக் கட்டிகளையும் எடுத்து வைத்தான். அவர் ஒவ்வொன்றின் முதுகையும் ஒரு தரம் பார்த்தார், தராசில் போட்டார், பணத்தை எண்ணி வைத்தார். யாருடையது, எதற்கு விற்கிறீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. கடைக்குள் வந்து ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆகியிருக்காது. பன்னிரண்டு ரூபாய் அதிகம் கொடுத்தது இதற்குத்தான். அவள் கேட்டது அப்படியே கிடைத்தது.

பிறகு கன்னியம்மாவின் கட்டியை எடுத்தாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் வார்ப்பு என்று கேட்டார். செங்கல்பட்டு அருணகிரி, தொண்ணூற்றாறு சுத்தம் என்று சொல்லுவார் என்றான் சுபஹான். அவருக்குத் தெரியவில்லை. தெரிய நியாயமும் இல்லை. வெட்டித்தான் பார்க்க வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும் என்றார். சுபஹான் அண்ணியைப் பார்த்தான். ரயிலுக்கு நேரம் இருக்கிறது என்றாள் அவள். கடைப் பையன் கட்டியின் ஓரத்தில் உளியை வைத்து அடித்து ஒரு சில்லு எடுத்தான். அதை உள்ளே கொண்டுபோனார்கள். சுபஹான் டீ குடித்துவிட்டு, கடைக்கு வேண்டிய சாயப்பொடியும் பார்த்து வருவதாகச் சொல்லி வெளியே போனான்.

அவள் காத்திருந்தாள். வெட்டுப்பட்ட இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. யாரோ வந்து குத்துவிளக்கு விலை கேட்டுப் போனார்கள். ஒரு கிழவர் பிள்ளைக்கு அரைஞாண் வாங்கினார்.

உள்ளேயிருந்து ஆள் வந்து கடைக்காரர் காதில் சொன்னான். அவர் நம்பாத மாதிரி அவனை மறுபடி கேட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

நூற்றுக்குத் தொண்ணூற்றேழு இருக்கிறது என்றார். ஊர்ப்பக்க வார்ப்பு நாளைக்குப் பத்து வருகிறது, தொண்ணூற்றைந்து என்று சொல்லிக் கொண்டுவந்தால் எண்பத்தைந்து இருக்கும், தொண்ணூறு இருந்தால் ஆச்சரியம், சொன்னதற்கு மேலே இருப்பதை இதுவரை பார்த்ததில்லை என்றார். முழு விலை போட்டுத் தருவதாகச் சொன்னார். பணத்தை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"இந்த ஆளு இன்னும் கட்டி வார்க்கறாரா?"

"இல்ல."

"தொழில விட்டுட்டாரா?"

சுபஹான் அங்கே இல்லை. பதில் சொல்ல வேறு யாரும் இல்லை.

"அவரு இல்ல," என்றாள் ரோஷன் பீவி. "செத்துப்போயிட்டாரு."

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, இந்த மூன்றரை வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் யாரைப் பற்றியும் சொன்னதில்லை. மைதீனைப் பற்றி யாராவது கேட்டால் ஷாஜாதி சொல்வாள், சுபஹான் சொல்வான், பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.  தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்ததை ஒரே மூச்சில் குடித்தாள். துப்பட்டியில் கொஞ்சம் சிந்திற்று. கடைக்காரர் மின்விசிறியைப் போடச் சொன்னார். சுபஹான் திரும்பி வந்து, என்ன அண்ணி உடம்புக்கு என்று கேட்டபோது, ஒன்றுமில்லை என்றாள்.

புடவை வாங்கினார்கள். சாயங்கால ரயிலைப் பிடித்தார்கள். வழியெல்லாம் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வண்டலூர் தாண்டியபோது வயலில் மாடு ஓட்டிக்கொண்டு போகிற ஒருவர், கூடுவாஞ்சேரியில் புதிதாக வெள்ளையடித்த ஒரு ரயில்வே கேட், இப்படி ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. வெகு நாளாக அவற்றைப் பார்க்காதிருந்த மாதிரி இருந்தது.

செங்கல்பட்டு ஸ்டேஷனில் கன்னியம்மா காத்துக்கொண்டிருந்தாள். மில் விட்டு நேராக வந்திருந்தாள், தலையெல்லாம் தவிடு. சுபஹான் மூட்டைகளோடு கடையைத் திறக்கப் போய்விட்டான். ரோஷன் பீவி பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, கைக்குட்டையில் முடிந்த பணத்தை எடுத்துக் கொடுத்தாள். முழு விலைக்குப் போயிற்று, தொண்ணூற்றேழு இருந்ததாம் என்றாள். கன்னியம்மா அதை ஆச்சரியமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஆளு அப்படித்தான் என்றாள். மனைக்குப் பற்றும், கூரைக்கும் கொஞ்சம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டாள். பீவி எழுந்திருக்காததைப் பார்த்து அவளும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

வந்த ரயில் விழுப்புரம் பக்கம் கிளம்பிப் போயிற்று. பிளாட்பாரம் காலியாயிற்று.

"கன்னிம்மா," என்றாள் ரோஷன் பீவி. "அன்னைக்கிக் காலையில அவரு கெளம்பும்போது நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன்."

கன்னியம்மா திரும்பிப் பார்த்தாள்.

"மொத நாளு ராத்திரி சண்டை. ஷாஜாதிய மேல படிக்க வெக்கறதுன்னு அவரு, வேணான்னு நான். காலையில தட்டத்தில நாஸ்தா எடுத்து வெச்சியான்னு கேட்டாரு. நான் தூங்கற மாதிரி படுத்துக்கினு இருந்தேன். ரெண்டு தரம் கூப்ட்டாரு. அப்பறம் தானே வெறும் டீ போட்டுக் குடிச்சுட்டுப் போனாரு. பாத்திரம் கழுவற சத்தம் கேட்டுக்கினு இருந்துச்சு. கழுவிக் கவுத்துட்டுப் போனாரு."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பெரிய சத்தம் இல்லை. துப்பட்டியின் முனையை வாயில் வைத்துக்கொண்டு, உடம்பு முழுக்க ஆட, குனிந்து அழுதாள். ஸ்டேஷன் போர்ட்டர் ஒருவர் அருகே வந்தார். கன்னியம்மா கையால் ஜாடை காட்ட, அப்படியே போய்விட்டார்.  நீங்க எழுந்திருந்தாலும் நடக்கறது நடந்திருக்கும் என்று கன்னியம்மா சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெகு நேரம் கழித்து அழுகை ஓய்ந்தபோது, கீழே கிடந்த புடவைப் பொட்டலத்தை எடுத்துத் தூசியைத் தட்டிவிட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"பொண்ணு தனியா கீது. வாங்க, வூட்டுக்குப் போலாம்," என்றாள்.

இருவரும் லெவல் கிராசிங் வழியாக நடந்தார்கள். ஷாஜாதிக்கு என்ன கலர் புடவை என்று கன்னியம்மா கேட்டாள்.  கடையில் சரியாகப் பார்க்கவில்லை என்பது ரோஷன் பீவிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தெருவிளக்கின் கீழே நின்று, பொட்டலத்தின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தாள்.